பி.எட். முடித்தால் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க முடியுமா?

பிளஸ் டூ முடிவு வந்ததும் சேலம் பக்கத்துப் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டிகிரி முடிச்சு பி.எட். பண்ணிட்டா எந்த வகுப்புக்கு வேணாலும் டீச்சரா போகலாம்ல?" போக முடியாது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குப் பி.எட். செல்லாது. அதற்கென்று இருப்பது தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு, அதாவது டி.எல்.எட். பழைய ஆட்களுக்கு அது ஆசிரியர் பயிற்சி, அல்லது டி.டி.எட். பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு ஆண்டு படிக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு மக்களைக் குறை சொல்ல முடியாது. 2018 ஜூன் மாதம் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பி.எட். முடித்தவர்களும் தொடக்க வகுப்புகளுக்கு வரலாம், வேலையில் சேர்ந்தபின் ஆறு மாத இணைப்புப் பயிற்சி பெற்றால் போதும் என்றது அது. உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று அதைச் செல்லாததாக்கியது. சின்னக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் அடிப்படைத் திறன் பி.எட்.டில் கிடைப்பதில்லை என்பதே தீர்ப்பின் சாரம். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் "பி.எட். போதும்" என்று காதில் விழுந்த பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை. போதாக்குறைக்குப் பதவியின் பெயர் வேறு குழப்புகிறது. ஒன்றாம் வகுப்பு எடுப்பவருக்கு அரசு ஆவணங்களில் உள்ள பெயர் 'இடைநிலை ஆசிரியர்'!

பட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. டி.எல்.எட். முடித்துவிட்டு இளங்கலைப் பட்டமும் பெற்றவர் ஆசிரியர் தகுதித் தேர்வின் (டெட்) இரண்டாம் தாளையும் எழுதலாம். ஆறு முதல் எட்டு வரை கற்பிக்கும் வாசலும் திறக்கிறது. பட்டம், பி.எட். என்று போய்விட்டு 25 வயதில் "சின்ன வகுப்புதான் எனக்குப் பிடித்திருக்கிறது" என்பவர், மறுபடி பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து இரண்டு ஆண்டு படிக்க வேண்டியிருக்கும். ஆகவே சின்னப் பிள்ளைகளிடம்தான் மனம் போகிறது என்றால் பட்டயத்தை முதலில் முடியுங்கள்.

சேலம் மாவட்டத்தில் அரசின் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் உத்தமசோழபுரத்தில் இருக்கிறது. எல்லோரும் 'டயட்' என்றே சொல்வார்கள். குழுமத்தின் விதிப்படி பிளஸ் டூவில் 50 விழுக்காடு வேண்டும்; ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. தனியார் நிறுவனத்தில் சேர்வதானால் பணம் கட்டும் முன் ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகார ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் முளைத்தவற்றில் பல மூடப்பட்டுவிட்டன. வாசலில் பலகை இன்னும் தொங்குகிறது என்பதால் அங்கீகாரமும் இருப்பதாக ஆகிவிடாது. "வராமலே பாஸ் பண்ணிக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் பேச்சை முடித்துக்கொள்ளலாம். வகுப்புக்கு 80, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகை வேண்டும் என்பது விதி.

அந்த இரண்டு ஆண்டில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்? கூட்டலும் அ, ஆவும் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்ற இளக்காரம் பரவலாக இருக்கிறது. குழந்தை எங்கே தடுக்கி விழுகிறது, ஏன் விழுகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் படிப்பு.

'இருபத்தைந்து' எழுதச் சொன்னால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை 205 என்று எழுதும். அதைக் கவனக்குறைவு என்று நினைப்பவர் பத்து முறை இம்போசிஷன் கொடுப்பார். உண்மையில் அந்தக் குழந்தை கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறது: இருபது, ஐந்து. இடமதிப்பு இன்னும் புரியவில்லை. '20' என்று எழுதிய அகலமான அட்டை ஒன்று, '5' என்று எழுதிய பாதி அகல அட்டை ஒன்று. ஐந்தைக் கொண்டுபோய் இருபதின் பூஜ்யத்தின் மேல் வைத்துக் காட்டினால் 25 தெரியும். எடுத்தால் பூஜ்யம் ஒளிந்திருப்பது தெரியும். கூடவே ஊதுபத்திக் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, இரண்டு கட்டும் ஐந்து உதிரியும் கையில் கொடுக்க வேண்டும். கட்டைப் பிரித்துப் பத்து உதிரியாக்கிப் பார்த்த குழந்தைக்கு அடுத்து வரும் கடன் வாங்கிக் கழித்தலும் எளிது. பார்க்காத குழந்தை 42லிருந்து 17 போனால் 35 என்று எழுதும். 'பெரியதிலிருந்து சிறியதைக் கழி' என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு 7லிருந்து 2ஐக் கழித்திருக்கும்.

தமிழ் வாசிப்பிலும் இதே கதைதான். மெய்யெழுத்துகளை இக், இங், இச் என்று சொல்லிப் பழகிய குழந்தை 'பட்டம்' என்ற சொல்லைப் பார்த்து "ப, இட், ட, இம்" என்கிறது. நான்கும் சரி, ஆனால் சேர்த்தால் சொல் வரவில்லை. புள்ளி எழுத்தைத் தனியே நிறுத்தாமல் முந்தைய எழுத்தோடு ஒட்டி 'பட்', 'டம்' என்று இரண்டு துண்டாக வாசிக்கப் பழக்கினால் அந்தத் தடை விலகும். இன்னொரு பொறி, கோரஸ் வாசிப்பு. வகுப்பே ஓங்கி ஒலிக்கும், ஆய்வுக்கு வந்தவருக்கும் மகிழ்ச்சி. படத்தைக் கையால் மறைத்து, நடுவரியில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பக்கத்தை மனப்பாடம் செய்திருப்பது அப்போது தெரியும்.

ஆனால் பயிற்சி மாணவர்களின் இரவுகள் எதில் கழிகின்றன என்றால், ரெக்கார்டு எழுதுவதிலும் தெர்மாகோல் வெட்டுவதிலும். கடையில் காசு கொடுத்து வரைந்து வாங்கும் சார்ட்டில் குழந்தை தொட்டுப் பார்க்க எதுவும் இல்லை. மதிப்பெண் கிடைக்கலாம், வகுப்பில் உதவாது.

குழுமத்தின் 2014 விதிமுறைப்படி இரண்டு ஆண்டில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும்: முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. நகரத்துப் பள்ளியே கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள் அதிகம். வாய்ப்பிருந்தால் ஏற்காடு மலைக் கிராமத்துப் பள்ளி ஒன்றில் சில வாரமாவது இருந்து பார்க்க வேண்டும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, அங்கிருந்து நாகலூர், மாரமங்கலம் பக்கம் இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். பஸ்ஸைத் தவறவிட்டால் முதல் பாடவேளை போச்சு. அதனால் பயிற்சி தொடங்கும் முன் ஒருநாள் போய்வந்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அங்கே பாடக்குறிப்பேட்டில் எழுதிக் கொண்டுபோன 'வகுப்பு 3, மாணவர் 40' எதுவும் ஒத்துவராது. கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர். அந்த ஈராசிரியர் பள்ளியில் 25 பேர் இருந்தாலும் ஐந்து வகுப்பு உண்டு. ஒருவர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்தும் ஒருவர் கையில். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை, கற்ற அளவை வைத்து அரும்பு (ஆரம்ப நிலை), மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிப்பது இங்கே கைகொடுக்கும். 40 நிமிடத்தில் முதல் 8 நிமிடம் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கதையோ பாட்டோ. அடுத்த 15 நிமிடம் நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு எழுத்து வேலை, மலர், மொட்டுப் பிள்ளைகள் இருவர் இருவராக அட்டை வாசிப்பு, ஆசிரியர் அரும்புப் பிள்ளைகளோடு தரையில். பிறகு 10 நிமிடம் பெரியவர்களிடம், கடைசி 7 நிமிடம் எல்லோர் வேலையையும் பார்க்க.

இது சொதப்புவது பெரும்பாலும் அந்த எழுத்து வேலையில்தான். "பாடத்தைப் பார்த்து எழுதுங்க" என்றால் ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டுச் சத்தம் போடுவார்கள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு நீளமான குறிப்பைக் கொடுத்தால் நிமிடத்துக்கொரு முறை எழுந்து வந்து கேட்கும். கேட்காமல் தொடங்கக்கூடியதாகவும் சட்டென்று முடியாததாகவும் இருக்க வேண்டும். மிளகு, ஆரஞ்சு விலையை வைத்து 200 ரூபாய்க்குள் வாங்கக்கூடிய கூடைகளை எத்தனை விதமாக அமைக்கலாம் என்று கேட்டால் கால் மணி நேரம் தாங்கும்.

நவம்பர் தொடங்கிக் காபிப் பழம் பறிக்கும் காலத்தில் வருகை குறையும். தம்பி, தங்கையைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டிலேயே இருந்துவிடுவாள். அந்த வாரங்களில் வகுத்தல் போன்ற புதிய பாடத்தைத் தொடங்கினால், திரும்பி வரும் பிள்ளைகளுக்கு மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

தேர்வு விஷயம் சுருக்கமாக. பட்டயம் மட்டும் போதாது. ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள் எழுத வேண்டும். குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதி, ஒவ்வொன்றிலும் 30 கேள்வி, மொத்தம் 150. பொதுப் பிரிவினருக்கு 90 தேவை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், எதையும் விடாமல் நிரப்புங்கள். சான்று வாழ்நாள் முழுக்கச் செல்லும். ஆனால் டெட் தேறியதும் வேலை வந்துவிடாது. 2018இல் வந்த அரசாணை 149இன்படி நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு உண்டு. அதோடு தமிழ்த் தகுதித் தாளும் சேரும்.

பலர் கோட்டை விடுவது காகிதங்களில்தான். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டயம் வரை தமிழ்வழிதான் என்று படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்க வேண்டும். இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் சாதிச் சான்றையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பழங்குடியினர் சான்று தாசில்தார் தருவதல்ல. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தருவது, நாளாகும். அறிவிப்பு வந்தபின் ஓடினால் பழைய பள்ளி இணைக்கப்பட்டிருக்கும், பதிவேடு வேறு பள்ளிக்குப் போயிருக்கும், தலைமையாசிரியர் பயிற்சிக்குப் போயிருப்பார். அந்தக் கையெழுத்தை முதல் ஆண்டு விடுமுறையிலேயே போய் வாங்கி வைத்துவிடுங்கள்.