சிக் நோட் ரெக்கார்டு ஆகாது

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். செக்கர்ஸ் சூப்பர்மார்க்கெட் பை ஒன்றை என் மேசைமேல் கவிழ்த்தார். பதினொரு சிக் நோட்டுகள், மருந்துக்கடை ரசீதுகள், ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் அட்டை, எக்ஸ்ரே உறை ஒன்று. உறைக்குள் எக்ஸ்ரே இல்லை.

"எல்லாப் பேப்பரும் பத்திரமா வச்சிருக்கேன் டாக்டர். அப்பவும் டபிள்யூ.சி.ஏ. இல்லன்னு சொல்லிட்டாங்க."

வேலையில் பட்ட காயத்துக்கான இழப்பீட்டைத்தான் டபிள்யூ.சி.ஏ. என்கிறார். பேப்பர்களைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். ஆனால் அதில் ஒன்றுகூட அவர் கேஸுக்கு உதவாது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருபது வருடத்துக்கு மேலாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். ஜேக்கப்ஸ், மோபெனி, பிராஸ்பெக்டன் பக்கம் ஆலைகளில் வேலை செய்கிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். வேலையில் அடிபட்டவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "டாக்டர் நோட் கொடுத்தாச்சு, கம்பெனியில கொடுத்தாச்சு, கேஸ் ஓடிட்டிருக்கு." ஓடவில்லை ஐயா. பல சமயம் கேஸ் என்று ஒன்று தொடங்கவே இல்லை.

சிக் நோட் என்ன சொல்கிறது? இன்னார் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை வேலைக்குத் தகுதியில்லை. அவ்வளவுதான். உங்கள் சம்மதம் இல்லாமல் என்ன நோய் என்றுகூட நான் அதில் எழுதக் கூடாது. எங்கே விழுந்தீர்கள், எதைத் தூக்கினீர்கள், எந்த நரம்பு போயிற்று, எதுவும் அதில் இருக்காது. லீவுக்கு அது போதும். இழப்பீட்டுக்கு அது வெறும் காகிதம். இன்னொரு கொடுமையும் உண்டு. அந்த நோட்டை வைத்துக் கம்பெனி உங்கள் சாதாரண சிக் லீவைக் கழித்துக்கொள்ளும். வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு மூன்று வருடத்துக்கு மொத்தமே 30 நாள்தான். வேலையில் பட்ட அடிக்கு அதைக் கரைத்துவிட்டு, பிறகு டைஃபாய்டோ ஃப்ளூவோ எது வந்தாலும் சம்பளம் இல்லாமல் படுத்திருக்க வேண்டியதுதான்.

டபிள்யூ.சி.ஏ. என்று நாம் சொல்வது 1941-ம் வருடத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பெயர். அது போய் 1993-ல் 130-ம் எண் சட்டம் வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. பெயர் மட்டும் வாயைவிட்டுப் போகவில்லை. இந்தச் சட்டத்தில் யார்மேல் தப்பு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக முதலாளிமேல் கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்குப் போடும் உரிமை உங்களுக்கு இல்லை. ஆக, கேள்வி இரண்டே இரண்டு. வேலையால் விபத்து நடந்ததா? இந்தக் காயம் அந்த விபத்தால் வந்ததா? இரண்டாவதற்குப் பதில் மருத்துவப் பதிவில்தான் இருக்கிறது. இழப்பீட்டு நிதியத்தின் மேசையில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் தோளைத் தொட்டுப் பார்க்கப்போவதில்லை, தாளைத்தான் பார்ப்பார்.

கம்பெனி ஏழு நாளுக்குள் விபத்தை அறிவிக்க வேண்டும், டபிள்யூ.சி.எல். 2 படிவம். அதற்குப் பிறகுதான் கிளெய்ம் நம்பர். முதலில் பார்த்த டாக்டர் 14 நாளுக்குள் முதல் மருத்துவ அறிக்கை தர வேண்டும், அது 4-ம் எண் படிவம். குணமாகும்வரை இடைக்கால அறிக்கைகள், கடைசியில் இறுதி அறிக்கை, இரண்டுக்கும் 5-ம் எண். இந்தச் சங்கிலியில் சிக் நோட் எங்கே வருகிறது, தேடிப் பாருங்கள்.

செக்கர்ஸ் பை அண்ணன் கதைக்கு வருகிறேன். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒரு புதன்கிழமை மதியம் ரசாயன டிரம் ஒன்று டிராலியிலிருந்து சரிந்தது. வலது கையால் தாங்கிப் பிடித்தார். தோளில் 'சுரீர்' என்றது. ஆலையின் கிளினிக்கில் இருந்த சிஸ்டர் ஐஸ் வைத்து, இரண்டு பனாடோ வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார். ஷிஃப்டை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை தைப்பூசம். விரதம் இருந்தாயிற்று, வேண்டுதல், விடமுடியுமா? காவடி எடுத்தார். திங்கள் இரவு கை தலைக்குமேல் போகவில்லை, கேஷுவல்டிக்குப் போனார்.

அங்கே இருந்த இளம் டாக்டர் கேட்டார்: "வலி எப்போ அதிகமாச்சு?"

இவர் உண்மையைச் சொன்னார்: "நேத்து காவடி எடுத்தப்புறம்."

கார்டில் விழுந்த முதல் வரி: கோவிலில் பாரம் சுமந்தபின் ஒரு நாளாகத் தோள் வலி.

முடிந்தது. டிரம் என்ற சொல் அந்த ஃபைலிலேயே இல்லை. பிறகு ஸ்கேனில் தசைநாண் கிழிந்திருப்பது தெரிந்தது, ஆபரேஷன் நடந்தது, பிசியோதெரபி நடந்தது. பின்னால் வந்த ஒவ்வொரு டாக்டரும் முதல் வரியைப் பார்த்துத் தன் வரியை எழுதினார். நாங்கள் அப்படித்தான். நள்ளிரவு கியூவில் நிற்கும் நாற்பதாவது ஆளிடம் ஆதியிலிருந்து கதை கேட்க யாருக்கும் நேரமில்லை, முந்தின பக்கத்தைப் பார்த்து எழுதிவிடுவோம். யூனியன் நெருக்கிய பிறகு கம்பெனி தாமதமாகப் படிவத்தை அனுப்பியது. நிதியம் ஃபைலைப் படித்தது, வேலையால் வந்த காயம் இல்லை என்று எழுதிவிட்டது. அந்த ஃபைலை மட்டும் காட்டியிருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன்.

காவடியை மறைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மறைத்தால் இன்னும் மோசம். கோவில் படம் வாட்சப்பில் ஊர் முழுக்கச் சுற்றும். புதன்கிழமையை முதலில் சொல்லியிருக்க வேண்டும். கேள்வி 'எப்போது அதிகமானது' என்று வந்தாலும் 'எப்படித் தொடங்கியது' என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். தேதி, மணி, இடம், கையில் என்ன இருந்தது, யார் பக்கத்தில் நின்றார். அரை நிமிடம் ஆகும். "வேலையில் நடந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள் டாக்டர்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தால் கோபிக்கட்டும்.

சூப்பர்வைசர் காரில் ஏற்றிக்கொண்டு வரும்போது "வீட்டுல விழுந்தேன்னு சொல்லு, நான் பாத்துக்கறேன்" என்பார். பார்த்துக்கொள்ள மாட்டார். செலவை உங்கள் மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீட்டில்) போடச் சொல்வதும் இதே ரகம்தான். நல்ல மனுஷன், பதினைந்து வருடப் பழக்கம் என்றெல்லாம் என்னிடம் சொல்லாதீர்கள். வாயில் வந்த அந்த ஒரு பொய் ஆஸ்பத்திரிப் பதிவாகிவிடும், பிறகு அதை அழிக்க முடியாது.

பழைய முதுகுவலி இருந்தால் அதையும் சொல்லுங்கள். நாற்பது தாண்டியவர்களுக்கு ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் முதுகெலும்பில் தேய்மானம் தெரியும். "முன்பும் வலி உண்டு, ஆனால் தினமும் வேலை செய்தேன், அந்தப் பெட்டியைத் தூக்கியதிலிருந்து முடியவில்லை" என்பது முதல் நாளே பதிவானால் கேஸ் நிற்கும். மறைத்து, 2016-ல் வாங்கிய மாத்திரை பிறகு கிளினிக் அட்டையில் கண்டுபிடிக்கப்பட்டால் மற்ற எல்லாமே பொய்யாகிவிடும்.

அப்புறம் நம் மரியாதை! இதைச் சொல்லாமல் விடமுடியாது. ரிவ்யூவுக்கு வருகிறீர்கள். "எப்படி இருக்கீங்க?" "நல்லா இருக்கேன் டாக்டர்." டாக்டர் எழுதுகிறார்: முன்னேற்றம் நன்று. சட்டையைப் போட மனைவி கை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது வாசல் தாண்டும்போதுதான் உங்கள் வாயில் வரும், அதுவும் மனைவி சொன்னால்தான். இறுதி அறிக்கையில் நிரந்தரக் குறைபாடு உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே 'இல்லை' என்று விழுந்தால் ஃபைலை மூடிவிடுவார்கள். அந்தக் குறைபாட்டை 30 சதவீதத்துக்குள் மதிப்பிட்டால் ஒருமுறைத் தொகை, அதற்குமேல் என்றால் மாதாமாதம் பென்ஷன். உங்கள் 'நல்லா இருக்கேன்' எவ்வளவு விலைபோகிறது என்று பாருங்கள். முடியாததை முடியாது என்று சொல்லுங்கள், என்ன முடியவில்லை என்றும் சொல்லுங்கள்.

என் சகாக்களுக்கும் ஒரு வார்த்தை. 4-ம் எண் படிவத்தில் 'முதுகு வலி' என்று இரண்டு சொல் எழுதிக் கையெழுத்துப் போடுவது அறிக்கை ஆகாது. நிதியம் பணம் தரத் தாமதிக்கிறது, எனக்கும் தெரியும், எனக்கும் பாக்கி இருக்கிறது. அதற்காக நோயாளியின் வாயில் மண் போடலாமா?

இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்குச் சுருக்கமாக: வேலையில் சேர்ந்தபோது எடுத்த முதல் ஆடியோகிராம்தான் (கேட்கும் திறன் சோதனைதான்) அளவுகோல். அதிலிருந்து 10 சதவீதத்துக்குமேல் இறங்கியிருந்தால்தான் காது கேட்கிறதில்லை என்ற பேச்சுக்கே மதிப்பு. ஆலையை மூடும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள், வெளியேறும் பரிசோதனையைச் செய்துகொண்டு அதன் நகலையும் வாங்குங்கள். வீட்டு வேலைக்குப் போகும் அக்காமார்களே, உங்களுக்கும் இந்த இழப்பீடு உண்டு. 2020 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது, 1994 ஏப்ரல் 27 வரை பின்னோக்கி.

மருத்துவப் பதிவின் நகல் கேட்பது உங்கள் உரிமை, 2000-ம் வருடத் தகவல் சட்டப்படி எழுதிக் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வருடக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள், சாதாரண ஃபைலை ஆறு வருடம் வைத்திருந்தால் போதும் என்பதுதான் எங்களுக்குள்ள விதி. விபத்து நடந்து 12 மாதத்துக்குள் கிளெய்ம் போய்ச் சேரட்டும். மறுத்துவிட்டால் ஆட்சேபிக்க 180 நாள் இருக்கிறது.

என் பூட்டனார் ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்து டொங்காட் பக்கம் கரும்பு வெட்டப் போனவர். கப்பல் பட்டியலில் அவர் நம்பர், ஊர், அப்பா பெயர், இடது புருவத்துத் தழும்புகூட இருக்கிறது. இங்கே வந்து ஆலையில் போன இரண்டு விரலைப் பற்றி எந்தத் தாளிலும் ஒரு எழுத்தும் இல்லை. ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அண்ணனின் ஆட்சேப நாட்களில் இன்னும் 41 பாக்கி இருந்தன. ஆலை கிளினிக்கின் டிரெஸ்ஸிங் புத்தகத்தைக் கேளுங்கள் என்றேன். கேட்கவே தயங்கினார். ஆலையில் யூனியன் பிரதிநிதியான ஷாப் ஸ்டீவர்டையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். அடுத்த வாரம் போனில் படம் வந்தது. பிளாஸ்டரும் பனாடோவும் வரிவரியாக எழுதிய கோடு போட்ட நோட்டு, நடுவில் அந்தப் புதன்கிழமை, 14:10, அவர் பெயர், வலது தோள், டிரம் சரிந்தது, ஐஸ், கீழே சிஸ்டரின் கையெழுத்து. நான் எழுதிய கடிதத்தோடு அதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

போகும்போது கதவில் நின்று, வரும் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா என்று கேட்டார். இந்த வருஷம் பால்குடம் போதும் அண்ணே, அதையும் இடது கையால் என்றேன்.