மரபுத் திங்கள்: சொல் விளக்கம்

ஜனவரி பிறந்ததும் கனடாவிலிருந்து வாட்ஸப்பில் வரும் வாழ்த்துகளில் 'தமிழ் மரபுத் திங்கள்' என்று எழுதியிருக்கும். முதல் தடவை பார்த்தபோது, ஏதோ ஒரு திங்கட்கிழமை நடக்கப்போகிற விழா என்று நினைத்துத் தேதியைத் தேடினேன். அப்புறம்தான் உறைத்தது. இந்தத் திங்கள் கிழமை இல்லை, மாதம். ஆங்கிலத்தில் 'ஹெரிட்டேஜ் மன்த்' என்று சொல்வதை அவர்கள் இப்படித் தமிழில் வைத்திருக்கிறார்கள்.

பொருளைச் சொல்லிவிடலாம். ஒரு நாட்டில் எண்ணிக்கையிலோ அதிகாரத்திலோ ஓரமாக நிற்கும் ஒரு சமூகத்தின் வரலாறு, மொழி, எழுத்து, கலை எல்லாவற்றையும் ஊரார் எல்லோரும் கவனிக்கட்டும் என்று ஒதுக்கிய மாதம். ஊரார் எல்லோரும் என்பதுதான் முக்கியம். தன் வீட்டுக்காரர்கள் மட்டும் கூடிக் கொண்டாடுவதற்குப் பண்டிகை போதும், மாதம் தேவையில்லை.

'ஹெரிட்டேஜ்' லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அடியில் இருப்பது 'ஹெரெஸ்', அதாவது வாரிசு. ஆக, அது முதலில் சொத்துச் சொல். அப்பன் விட்டுப்போன வீடு, நிலம். அந்தப் பொருளுக்கு நம்மிடமும் ஒரு பழைய சொல் உண்டு: தாயம். 'உருகெழு தாயம் ஊழின் எய்தி' என்று கரிகாலன் அரசுரிமை பெற்றதைப் பட்டினப்பாலை சொல்கிறது. தாயாதி என்ற சொல்லும் இதன் உறவுதான். ஆனால் இன்றைக்குத் 'தாயத் திங்கள்' என்று போட்டால் எல்லோரும் சோழியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

'பாரம்பரியம்' தமிழ்நாட்டில் அதிகம் புழங்குவது. வடமொழியின் 'பரம்பரை' வழி வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக என்று பொருள். குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு மரச்செக்கு எண்ணெயும் நகைக்கடை விளம்பரமும்தான் கண்முன் வருகின்றன. இலங்கைத் தமிழில் 'மரபுரிமை' என்கிறார்கள். வாரிசு என்ற மூலப்பொருளுக்கு மிக அருகில் வருவது அதுதான். உரிமை அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பிடித்ததென்னவோ வெறும் 'மரபு'. காரணத்தைக் கொஞ்சம் சுற்றிவந்து சொல்கிறேன்.

இந்த மாதங்கள் தொடங்கியது ஒரு வாரமாக. கார்ட்டர் ஜி. வுட்சன் 1875இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், முன்பு அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். இளவயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்ற சக தொழிலாளியின் வீடு, கறுப்பினச் சுரங்கத் தொழிலாளர்கள் மாலையில் கூடும் இடம். ஜோன்ஸுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் புத்தகமும் பத்திரிகையும் வாங்கி வைத்திருப்பார். வுட்சன் அவற்றை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், பேசுவார்கள். டீக்கடை பெஞ்சில் ஒருவர் தினத்தாளை வாசிக்க நாலு பேர் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் மரபுத் திங்களின் வேர் அந்த வீட்டில்தான் இருக்கிறது.

இருபது வயதுக்கருகில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த அவர் 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கினார். 1915இல் கறுப்பின வாழ்வையும் வரலாற்றையும் ஆராய ஒரு சங்கம் தொடங்கினார். 1926 பிப்ரவரியில் 'நீக்ரோ வரலாற்று வாரம்' அறிவித்தார். லிங்கன் பிறந்தது பிப்ரவரி 12. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து பெரும் பேச்சாளரும் எழுத்தாளருமான ஃபிரெடரிக் டக்ளஸின் பிறந்தநாளைக் கொண்டாடுவது 14இல். அந்த வாரத்தைக் கறுப்பினத்தவர் ஏற்கெனவே கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். வுட்சன் அதன் கையில் புத்தகத்தைக் கொடுத்தார். பள்ளிகளுக்குப் படங்கள், பாடக்குறிப்புகள், சிறு நாடகங்கள் என்று அவர் சங்கத்திலிருந்து போயின. அதே 1926இல்தான் ஆர்ட்டுரோ ஷோம்பர்க் என்ற புவெர்ட்டோ ரிக்கோக்காரர் ஆயுள் முழுக்கச் சேர்த்த கறுப்பின நூல்களும் கையெழுத்துப் படிகளும் 10,000 டாலருக்கு வாங்கப்பட்டு, நியூயார்க் பொது நூலகத்தின் ஹார்லெம் கிளைக்கு வந்து சேர்ந்தன. சின்ன வயதில் ஓர் ஆசிரியர், கறுப்பர்களுக்கு வரலாறே கிடையாது என்று சொன்னாராம். அதற்கு அவர் தேடிச் சேர்த்த பதில் அது.

1970இல் கென்ட் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் வாரத்தை மாதமாக்கினார்கள். 1976இல் அதிபர் ஃபோர்டு அதை ஏற்றார். ஸ்பானிய வழியினருக்கு 1968இல் வந்த வாரம் 1988இல் மாதமானது. அது செப்டம்பர் 15இல் தொடங்கி அக்டோபர் 15இல் முடியும், ஏனென்றால் மத்திய அமெரிக்க நாடுகள் ஐந்துக்கு விடுதலை நாள் செப்டம்பர் 15. காலண்டர் அட்டையைப் பார்த்தா மரபு நடக்கிறது! ஆசிய வழியினருக்கு மே. தமிழருக்கு, பொங்கலை ஒட்டி, ஜனவரி: ஒன்டாரியோ மாகாணம் 2014இல் சட்டம் போட்டது, கனடா நாடாளுமன்றம் 2016 அக்டோபரில் தீர்மானம் நிறைவேற்றியது.

சரி, வாசகர்களுக்கு இதில் என்ன வேலை? 1965இல் நான்சி லாரிக் என்பவர் அமெரிக்காவில் மூன்று ஆண்டுகளில் வந்த 5,206 சிறுவர் நூல்களை எண்ணிப் பார்த்தார். கறுப்பினத்தவர் ஒருவராவது தலைகாட்டியவை 349. எண்ணத் தூண்டியது ஒரு நர்சரிப் பள்ளியின் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி. படப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு, ஏன் எப்பவும் வெள்ளைக்காரப் பிள்ளைகளே இருக்கிறார்கள் என்று கேட்டாளாம். இருபது வருடம் கழித்து, 1985இல், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் எண்ணியது. வெளிவந்தவை ஏறத்தாழ 2,500. அவற்றில் கறுப்பினத்தவர் எழுதியவையோ படம் வரைந்தவையோ 18. யாரும் தடை போடவில்லை. பழக்கம்தான் வேலை செய்தது.

எங்கள் வாசகர் வட்டத்திலும் அந்தப் பழக்கம் உண்டு. மாதம் ஒரு புத்தகம். நாலு வருடப் பட்டியலை ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். 48இல் பெண்கள் எழுதியவை ஆறு, பழங்குடி எழுத்து ஒன்றுகூட இல்லை. வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. யாராவது பெயர் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டு, "அப்புறம் பார்க்கலாம்" என்போம். அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. மரபுத் திங்கள் அதற்கு ஒரு தேதி போட்டுவிடுகிறது, அவ்வளவுதான். பிப்ரவரி வந்தால் நூலகத்தின் முன்மேசையில் அந்தப் புத்தகங்கள் இருக்கும், யாராவது ஒன்றைக் கையில் எடுப்பார்கள். மார்ச் ஒன்றாம் தேதி எல்லாம் பழைய அலமாரிக்கே திரும்பிவிடுகின்றன என்ற குற்றச்சாட்டும் நியாயமானது. ஆனால் மேசைக்கே வராத புத்தகத்தைவிட ஒரு மாதம் வந்துபோன புத்தகத்தின் பாடு தேவலை.

இப்போது 'மரபு'க்கு வருகிறேன். தொல்காப்பியத்தில் மரபியல் என்று ஓர் இயலே இருக்கிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று என்று எந்த உயிரின் இளமையை எப்படிச் சொல்வது என்று தொடங்கும். மரபு அங்கே சொத்து இல்லை, புழக்கம். நன்னூல் இதைச் சூத்திரமாகவே சொல்கிறது: 'எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே.' பள்ளியில் மனப்பாடம் செய்தபோது 'உயர்ந்தோர்' என்ற சொல்லை யோசிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். அறிவால் உயர்ந்தவர் என்று உரை சொல்லலாம். இருக்கட்டும், அந்த அறிவுக்குச் சான்று கொடுப்பது யார்? ஷோம்பர்க்கின் ஆசிரியரும் தன் காலத்து உயர்ந்தோர் செப்பியபடிதான் செப்பினார். யாருடைய பேச்சு புழக்கமாகிறது, யாருடையது ஆகாமல் போகிறது என்ற வழக்கு மரபு என்ற சொல்லுக்குள்ளேயே நடக்கிறது. பாரம்பரியத்தில் அது கேட்காது. அதனால்தான் 'மரபுத் திங்கள்' என்கிறேன். கிழமைக் குழப்பம் வருமென்றால் 'மரபு மாதம்' என்று எழுதுங்கள், இலக்கணம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

ஓர் எச்சரிக்கை மட்டும். பெயரில் 'வரலாறு' இருக்கும் இடத்தில் மரபைக் கொண்டுபோய்ப் போடக் கூடாது. கறுப்பினத்தவர் பிப்ரவரியை வரலாற்று மாதம் என்றே வைத்துக்கொண்டார்கள். வரலாறே இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் கேட்ட சொல் அது. அவர்களைப் பார்த்து, அம்பேத்கர் பிறந்த ஏப்ரலை 2015 முதல் தலித் வரலாற்று மாதம் என்று கொண்டாடுகிறார்கள். சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அதையொட்டி வானம் கலைத் திருவிழா நடத்துகிறது. அதைத் 'தலித் மரபு மாதம்' என்று யாராவது மொழிபெயர்த்தால் திருத்துங்கள்.