பொறுப்புடைமையா, கணக்குக் காட்டுதலா?

அரசு அச்சிடும் பயிற்சிக் கையேடு, தொண்டு நிறுவனத்தின் துண்டறிக்கை, பொது நிர்வாக ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கம் என்று எதை எடுத்தாலும், செய்ததற்குப் பதில் சொல்லும் கடமையைக் குறிக்கும் 'அக்கவுண்டபிலிட்டி' வர வேண்டிய இடத்தில் 'பொறுப்புடைமை' உட்கார்ந்திருக்கிறது. வேலூர்ப் பக்கம் ஊராட்சி உறுப்பினர்களுக்கு நடக்கும் பயிற்சிகளிலும் இதுதான் பலகையில் ஏறுகிறது. கேட்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள். 'பொறுப்பா நடந்துக்கச் சொல்றாங்க' என்று புரிந்துகொண்டு எழுந்து போகிறார்கள். அவர்கள் மேல் தவறே இல்லை, சொல் அதைத்தான் சொல்கிறது.

மூலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எண்ணுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினை, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'அக்கவுண்ட்' ஆனது. கம்ப்யூட்டருக்கும் அதே வேர்தான். இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் காலத்தில், 1086இல் தொகுத்த டூம்ஸ்டே நிலக்கணக்கிலிருந்து இந்தக் கருத்தின் கதையைத் தொடங்குவது ஆய்வாளர் வழக்கம். அன்று உடைமைக்காரர்கள் அரசனுக்குக் கணக்குச் சொன்னார்கள். இன்று ஆள்கிறவர்கள் குடிமக்களுக்குச் சொல்ல வேண்டும். திசைதான் திரும்பியது.

2007இல் மார்க் போவன்ஸ் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் இதற்கு ஒரு வரையறை தந்தார். பொது நிர்வாகத் துறையில் இன்றும் அதிகம் எடுத்தாளப்படுவது அது. செயலைச் செய்தவர் தன் செயலை விளக்கி நியாயம் சொல்லக் கடமைப்பட்டவர். எதிரில் இருப்பவர் கேள்வி கேட்கலாம், தீர்ப்புச் சொல்லலாம். செய்தவருக்கு அதனால் விளைவும் வரலாம். ஆக, இது இரண்டு தரப்புக்கு நடுவில் நடக்கிற காரியம். ஒருத்தர் மட்டும் இருந்தால் நடக்காது.

இப்போது 'பொறுப்புடைமை'யை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருக்குறள் அதிகாரத் தலைப்புகளில் 'உடைமை' எதோடெல்லாம் சேர்கிறது? அன்புடைமை, அடக்கமுடைமை, ஒழுக்கமுடைமை, பொறையுடைமை, பண்புடைமை, நாணுடைமை. எல்லாம் ஒருவரின் குணங்கள். அந்த வரிசையில் பொறுப்புடைமையும் இன்னொரு நற்குணமாகப் போய் நிற்கிறது. அலுவலர் நல்லவராக இருந்தால் பொறுப்புடைமை இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. நாம் கும்பிட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். கேட்கிற ஆளுக்கு இந்தச் சொல்லில் நாற்காலியே போடவில்லை.

இலக்கணமும் ஒத்துழைக்காது. யாருக்கு என்று சேர்த்துப் பாருங்கள்: 'மக்களுக்குப் பொறுப்புடைமை'. மக்களுக்குத்தான் பொறுப்பு வேண்டும் என்றல்லவா தொனிக்கிறது! வரியைக் கட்டு, குப்பையைப் பிரித்துக் கொடு என்று குடிமகனுக்குச் சொல்லும் புத்திமதியாகிவிடுகிறது. 'ரெஸ்பான்சிபிலிட்டி'க்குப் பொறுப்பு என்று ஏற்கெனவே எழுதுகிறோம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் மொழிபெயர்ப்பாளர் 'பொறுப்பும் பொறுப்புடைமையும்' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார். வாசிக்கிறவர் பாடு அவருக்கென்ன.

'பொறுப்பேற்பு' என்று எழுதுபவர்களும் உண்டு. 'புதிய ஆட்சியர் பொறுப்பேற்பு' என்று செய்தித்தாளில் வந்தால் யாரும் கணக்கை நினைப்பதில்லை, சால்வையைத்தான் நினைப்பார்கள். இலங்கைத் தமிழில் 'பொறுப்புக்கூறல்' நிலைத்துவிட்டது. போருக்குப் பிந்தைய ஐ.நா. மனித உரிமைப் பேரவைத் தீர்மானங்களைப் பற்றிய எழுத்தில் அது தனிக் கனம் பெற்ற சொல். கூறல் என்பதால் கேட்பவரும் உள்ளே வருகிறார், பொறுப்புடைமைக்கு அது எவ்வளவோ மேல். அங்கே அதன் மேல் கை வைக்க நான் வரவில்லை. ஆனால் தெருவிளக்கு பராமரிப்புக்கு எவ்வளவு ஆனது என்று கேட்கும் நம் கிராம சபைக்கு அது ஒட்டவில்லை.

சரி, வேறென்ன சொல்வது? வட ஆற்காட்டு ஊர்களில் மகாபாரதக் கதை படிக்கும் பாரதம் வைத்து, கூத்து முடிந்து, திரௌபதியம்மனுக்குத் தீமிதியும் ஆன பிறகு ஊர் கூடும். வரவு செலவைப் படிப்பார்கள். யாராவது ஒருவர் பந்தல் கூலியில் சந்தேகம் கேட்பார். 'ஊருக்குக் கணக்குக் காட்டணும்' என்பதுதான் அங்கே பேச்சு. தாலுகா அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குச் சரிபார்ப்பான ஜமாபந்தியில் கிராம நிர்வாக அலுவலர் சாகுபடிப் பதிவேடான அடங்கலையும் மற்ற கிராமக் கணக்குகளையும் கொண்டுபோய் வைக்கிறார். 'வருவாய்த் தீர்வாயம்' என்று பலகையில் எழுதினாலும் ஜனங்கள் வாயில் அது ஜமாபந்திதான். அங்கே கணக்கு மேலே போகிறது, கூத்துத் திடலில் ஊருக்கு வருகிறது. மேலதிகாரிக்கா மக்களுக்கா என்று ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாகப் பிரிக்கும் வேறுபாட்டை ஒரு வேற்றுமை உருபில் சொல்லிவிடலாம்.

வந்தவாசிக்கு வடகிழக்கே இருக்கும் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இன்னும் பளிச்சென்று பேசுகிறது. வாரியத்தில், அதாவது ஊர்ச்சபையின் குழுவில் இருந்து 'கணக்குக் காட்டாதே' இருந்தவரின் பெயரை, குடத்தில் ஓலை போட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலைக்கு எழுதக்கூடாது, அவருடைய உறவினர் பெயரையும் கூடாது. கடமை, கேட்கும் சபை, விளைவு என்று போவன்ஸ் சொன்ன மூன்றும் பத்தாம் நூற்றாண்டுக் கல்லிலேயே இருக்கின்றன. 'வாரியம்' என்ற சொல்லை மட்டும் அந்தக் காலத்திலிருந்து எடுத்து மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் வைத்துக்கொண்டோம், கூட இருந்ததை விட்டுவிட்டோம். 'கணக்கு' வடசொல் என்று தனித்தமிழ் அன்பர் சிலர் முகம் சுளிக்கலாம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊர்ச்சபை வாயில் புழங்கியது எனக்குப் போதும்.

கணக்கு என்றால் பணம் மட்டும்தானே என்பார்கள். ரோமர் 14:12இல் ஒவ்வொருவனும் தேவனுக்குக் 'கணக்கொப்புவிப்பான்' என்று படிக்கிற கிறிஸ்தவர் ரூபாயையா நினைக்கிறார்? மறுமையில் 'கேள்வி கணக்கு உண்டு' என்று முஸ்லிம்கள் சொல்வதும் வாழ்ந்த வாழ்க்கைக்கான பதிலைத்தான். 1994இல் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு பொது விசாரணைகள் நடத்தியபோது எழுந்த முழக்கமும் 'நம் பணம், நம் கணக்கு'தான், இந்தியில் 'ஹிசாப்'. அந்த இயக்கம் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வரை போனது. குணவாசகச் சொல்லை வைத்துக்கொண்டு யாரும் ஊர்வலம் போனதில்லை.

எனவே 'கணக்குக் காட்டுதல்'. பெயர்ச்சொல்லாகச் சுருக்க வேண்டுமானால் கணக்குக்காட்டல், எதிர்த்தரப்புக்குக் கணக்குக் கேட்டல். கண்காணிப்பு வேறு, அதைத் தனியே வைத்துக்கொள்ளலாம். 'உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்புடைமையை வலுப்படுத்துதல்' என்று எழுதாமல், 'உள்ளாட்சிகளை மக்களுக்குக் கணக்குக் காட்ட வைத்தல்' என்று எழுதலாம். எழுதினால் யார் யாருக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். அது பலருக்குச் சங்கடம் என்பதால்தான் மொழிபெயர்ப்புகள் பெயர்ச்சொல்லுக்குள் பதுங்குகின்றனவோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அப்புறம், திட்ட வேலைகளையும் செலவையும் ஊரே சரிபார்க்கும் 'சோஷியல் ஆடிட்'டுக்கு எழுதும் 'சமூகத் தணிக்கை'. நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கிராம சபைக்குக் கொடுத்த அதிகாரம் அது. நம் ஊர்ப் பேச்சில் சமூகம் என்றால் சாதி, தணிக்கை என்றால் சினிமாவில் வெட்டுவது. எந்தச் சமூகத்தை வெட்டப்போகிறார்கள் என்று ஜனங்கள் கேட்டால் கோபப்படக் கூடாது. 'ஊர்க்கணக்குப் பார்த்தல்' என்று அறிவிப்பு ஒட்டுங்கள், எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்து வருவார்கள்.