ஹாட் ராட் ஏன் மெதுவாக வளர்கிறது?

1914-இல் ஃபோர்டு நிறுவனத்தின் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் ஒரு மாடல் டி காரின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, கோத்து முடிக்க 93 நிமிடம் ஆனது. அதே நிறுவனம் 1932-இல் செய்த காரை, கலிஃபோர்னியாவில் ஒருவர் தன் வீட்டு கேரேஜில் வைத்து ஹாட் ராடாக மாற்ற ஐந்து வருடம் ஆகலாம், பத்து வருடமும் ஆகலாம். சனி ஞாயிறில்தான் நேரம் கிடைக்கிறது, கையில் காசு வரும்போதுதான் சாமான் வாங்க முடிகிறது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அவருக்கு முழு நேரத்தையும் கைநிறையப் பணத்தையும் கொடுத்தாலும் வேலை ஓர் அளவுக்கு மேல் வேகம் பிடிக்காது. அதற்கான காரணம் இரும்பின் குணத்திலும் அளவுகளின் கணக்கிலும் இருக்கிறது.

ஒரு பழைய அமெரிக்கக் காரை எடுத்து, தேவையற்ற எடையைக் கழற்றி, தரையை ஒட்டித் தாழ்த்தி, வலுவான எஞ்சினை வைத்தால் அது ஹாட் ராட். மொஹாவி பாலைவனத்தில் முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் இளைஞர்கள் வேகம் பார்க்கப் போனதில் வளர்ந்த பழக்கம் இது. அந்த வேகத்தை முறையாக அளக்க 1937-இல் சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்ற சங்கமே உருவானது. இவர்கள் கொண்டாடிய கார் 1932 ஃபோர்டு. சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் வி8 எஞ்சினோடு, அதாவது ஆங்கில வி வடிவில் எட்டு சிலிண்டர் கொண்ட எஞ்சினோடு, பெருமளவில் விற்ற முதல் கார் அதுதான். 221 கன அங்குலம், அதாவது சுமார் 3.6 லிட்டர், 65 குதிரைசக்தி. இன்றும் ஏராளமான ஹாட் ராடுகள் அந்தக் காரின் சேசிஸில்தான் ஆரம்பிக்கின்றன.

தொழிற்சாலையில் ஒவ்வொரு பாகமும் ஜிக் எனப்படும் தாங்கியில் உட்கார்ந்து, ஒரே அளவில் வெளியே வரும். பக்கத்துப் பாகத்தோடு பொருந்துமா என்று கோக்கிறவர் யோசிக்க வேண்டியதில்லை. அந்த யோசனையை வேறொருவர் பல மாதங்களுக்கு முன்பே முடித்துவிட்டார். கேரேஜில் நிலைமை வேறு. சேசிஸ் 1932-இன் ஃபோர்டு. பிரேக் 1940-இன் ஃபோர்டு, ஏனென்றால் 1939-க்கு முன்னால் ஃபோர்டு கார்களில் ஹைட்ராலிக் பிரேக் கிடையாது. எஞ்சினின் கிராங்க் தண்டு ஃபோர்டின் சகோதர பிராண்டான மெர்குரியிலிருந்து வரும், கியர்பாக்ஸும் பின் ஆக்சிலும் இன்னும் பிந்தைய கார்களிலிருந்து வரும். இவற்றில் பலவும் ஒன்றுக்கொன்று செய்யப்பட்டவை அல்ல. ஆகவே இரண்டு பாகம் சந்திக்கும் இடமெல்லாம் ஒரு சின்ன வடிவமைப்பு வேலை காத்திருக்கிறது: அளந்து, அட்டையில் வெட்டிப் பார்த்து, தகட்டில் வெட்டி, பொருத்தி, கழற்றி, ராவி, மறுபடி பொருத்த வேண்டும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? அனுபவசாலிகள் டயரிலிருந்தும் காரின் நிற்கும் உயரத்திலிருந்தும் ஆரம்பிப்பார்கள். முன்னால் சின்ன டயர், பின்னால் பெரிய டயர், முன்பக்கம் லேசாகத் தாழ்ந்த நிலை என்பது கண்ணுக்கு அழகு. அதற்கும் மேலாக, மற்ற எல்லா அளவுக்கும் அதுவே அடிப்படை. சேசிஸ் எந்தச் சாய்வில் நிற்கும் என்று தெரியாமல் எஞ்சினை உட்கார வைக்க முடியாது. எஞ்சின் உட்காராமல் கியர்பாக்ஸ் எங்கே முடியும் என்று தெரியாது. அது தெரியாமல் பின் ஆக்சிலை எந்தக் கோணத்தில் திருப்பி வைப்பது?

இந்தக் கோணம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். 1932 ஃபோர்டில், சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் ஒரு மூடிய குழாய்க்குள் ஓடியது. பிந்தைய ஆக்சிலை வைக்கும்போது அந்தக் குழாய் போய், இரு முனையிலும் யுனிவர்சல் ஜாயின்ட் (சாய்வாக இருந்தாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) உள்ள திறந்த ஷாஃப்ட் வருகிறது. யுனிவர்சல் ஜாயின்டுக்கு ஒரு குணம் உண்டு. அது சாய்வாகச் சுற்றும்போது, உள்ளே வருகிற வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகிற வேகம் சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடிக் குறையும். 10 டிகிரி சாய்வில் இந்த ஏற்ற இறக்கம் இருபக்கமும் சுமார் 1.5 சதவீதம். 3 டிகிரியில் 0.14 சதவீதம்தான். முன் ஜாயின்டின் கோணமும் பின் ஜாயின்டின் கோணமும் சமமாக இருந்தால் ஒன்று ஏற்படுத்தும் தள்ளாட்டத்தை மற்றொன்று அழித்துவிடும். அதனால் கியர்பாக்ஸின் ஷாஃப்டும் பின் ஆக்சிலுக்குள் நுழையும் பினியன் தண்டும் இணையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் கார் முழுக்க அதிரும்.

ஆனால் ஸ்பிரிங் அமுங்கும்போது இந்தக் கோணம் மாறும். முழு எடையும் ஏறிய பிறகுதான் உண்மையான கோணம் தெரியும். வேலையின் அந்தக் கட்டத்தில் பாடியும் இல்லை, கண்ணாடியும் இல்லை, பெட்ரோலும் இல்லை. எனவே ஆக்சில் மேல் ஸ்பிரிங் உட்காரும் தாங்கிகளை டேக் (பொட்டுப் பொட்டாக வைக்கும் தற்காலிக வெல்டு) மட்டும் அடித்து விட்டுவைப்பார்கள். கடைசி வெல்டிங் பல மாதம் கழித்து வரும். வெளியாள் பார்த்தால் பாதியில் நின்ற வேலை மாதிரி இருக்கும். உண்மையில் அங்கே ஒரு விடை இன்னொரு விடைக்காகக் காத்திருக்கிறது.

எஞ்சினை ஓர் அங்குலம் பின்னால் தள்ளினால் என்ன ஆகும் என்று யோசித்தாலே இது விளங்கும். ரேடியேட்டர் ஃபேனுக்கு இடம் கிடைக்கும். ஆனால் எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகட்டை வெட்ட வேண்டும். வெட்டினால் பெடல்கள் இடம் மாறும், பெடல் மாறினால் ஸ்டியரிங் கம்பி போகும் வழி மாறும், அது எக்ஸாஸ்ட் குழாயில் இடிக்கும். கேரேஜில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காரையே பார்த்துக்கொண்டிருக்கிறவர் பெரும்பாலும் இப்படி ஒரு கணக்கைத்தான் மனதுக்குள் போட்டுக்கொண்டிருப்பார். அந்த நேரத்தையும் வேலை நேரமாகவே எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்து சேசிஸ். 1932 ஃபோர்டின் பக்கச் சட்டங்கள் ஆங்கில சி எழுத்து வடிவத்தில் ஒரு பக்கம் திறந்திருப்பவை. 65 குதிரைசக்திக்கு அது போதும். 200 குதிரைசக்தி வந்தால் சேசிஸ் முறுக்கிக்கொள்ளும். அதனால் திறந்த பக்கத்தில் ஒரு தகட்டை வைத்து வெல்டு செய்து பெட்டியாக மூடுகிறார்கள். வெறும் ஒரு தகட்டால் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஒரு பிவிசி குழாயை எடுத்து முறுக்கிப் பாருங்கள். அப்புறம் அதே குழாயை நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு முறுக்கிப் பாருங்கள். மூடிய குழாயில் முறுக்கு விசை சுற்றுச்சுவர் வழியாக ஒரு முழு வட்டம் அடிக்க முடிகிறது. கீறல் விழுந்ததும் அந்த வட்டம் அறுந்துபோகிறது. தகட்டின் சொற்பத் தடிமன் மட்டுமே எதிர்த்து நிற்கிறது. 150 மில்லிமீட்டர் உயரம், 50 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள சட்டத்துக்குக் கணக்குப் போட்டால், மூடிய பிறகு அதன் முறுக்கு விறைப்பு 600 மடங்குக்கு மேல் கூடுகிறது. எடை ஒரு மீட்டருக்குச் சுமார் மூன்றரை கிலோதான் ஏறும். ஹாட் ராட் வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

இந்த வெல்டிங்கை ஒரே மூச்சில் இழுக்க முடியாது. இரும்பு ஒரு டிகிரி வெப்பத்துக்கு லட்சத்தில் 1.2 பங்கு விரியும். சுமார் 1500 டிகிரியில் உருகிய வெல்டு அறை வெப்பத்துக்கு ஆறும்போது, தன் போக்கில் விட்டால், ஏறத்தாழ 2 சதவீதம் சுருங்கப் பார்க்கும். ஒரு மீட்டருக்கு 20 மில்லிமீட்டர். ஆனால் சாதாரண இரும்பு நிரந்தரமாக வளையாமல் தாங்குவது ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். மீதிச் சுருக்கம் எங்காவது போயாக வேண்டும். வெல்டு கொஞ்சம் இழுபடும். இழுபட்டது போக மிச்சமுள்ள இறுக்கம் சுற்றியுள்ள இரும்பை வளைக்கும். இழுத்துத் தைத்த நூல் துணியைச் சுருக்குவதைப் போலத்தான் இதுவும். பக்கச் சட்டத்தின் உள்பக்கம் முழுக்க ஒரே ஓட்டமாக வெல்டு போட்டால் சட்டமே உள்நோக்கி வில்லாக வளைந்துவிடும். இந்தக் காரில் சட்டத்தின் வெளிப்பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதால் வளைவை மறைக்கவும் வழியில்லை.

அதனால் சட்டங்களைக் குறுக்குக் கம்பிகளால் முட்டுக்கொடுத்து நிறுத்தி, ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் அந்த மூலையில், அடுத்தது எதிர்ச் சட்டத்தில் என்று மாற்றி மாற்றி அடிப்பார்கள். நடுநடுவே கையால் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் விட்டுவிடுவார்கள். மூலைவிட்ட அளவு இரண்டும் சமமா என்று அடிக்கடி நாடா பிடிப்பார்கள். தரையை நம்பவும் முடியாது, ஏனென்றால் பல கேரேஜ் தரைகள் தண்ணீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் சாய்வாகவே போடப்பட்டிருக்கும். ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்து ஒரு நிலையான மட்டத்தை முதலில் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அரைநாள் அதிலேயே போய்விடும்.

டிங்கரிங்கிலும் இதே சுருக்கம்தான், இன்னும் மோசமாக. பாடித் தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. வெப்பம் பட்டதும் அலை அலையாக நெளிந்துவிடும். கீழே இரும்புக் கட்டையைப் பிடித்து மேலிருந்து வெல்டின் மீது சுத்தியலால் தட்டினால், சுருங்கிய உலோகம் மறுபடி விரிந்து நெளிவு தணியும். எவ்வளவு தட்டுவது என்பதைக் கை மட்டுமே சொல்லும். கூடத் தட்டினால் தகடு புடைத்துக்கொள்ளும்.

கூரையைத் தாழ்த்துகிறவர்களுக்கு வேலை இன்னும் கூடும். ஏரிப்படுகை நாட்களில் இதற்கு நேரடிப் பயன் இருந்தது. காற்றுத் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியில் ஏறுகிறது. மணிக்கு 100 மைலிலிருந்து 120 மைலுக்குப் போக அந்தத் திறன் 73 சதவீதம் கூட வேண்டும். காற்றில் மோதும் முகப்பின் பரப்பைக் குறைத்தால் எஞ்சினைத் தொடாமலே அதில் ஒரு பங்கு கிடைத்துவிடும். கூரையைத் தாங்கும் தூண்களில் 75 மில்லிமீட்டர் வெட்டி எடுத்துக் கூரையை இறக்கினால் போதாதா? தூண்கள் செங்குத்தாக நின்றால் போதும். முன் தூண் 15 டிகிரி பின்னால் சாய்ந்திருந்தால், கூரை இறங்கும்போது தூணின் இரண்டு பாதிகளும் 20 மில்லிமீட்டர் விலகி நிற்கும். பின் தூண்கள் எதிர்த்திசையில் சாய்ந்திருந்தால் அங்கேயும் விலகல். அப்போது கூரையையே குறுக்கே வெட்டி, நடுவில் ஒரு துண்டு சேர்த்து நீட்ட வேண்டும். அதாவது இன்னும் நீளமான வெல்டு, இன்னும் சுருக்கம், இன்னும் தட்டல். 1928 முதல் 1931 வரை வந்த மாடல் ஏ காரில் தூண்கள் ஏறக்குறைய நேராக நிற்பதால் அதில் இந்த வேலை எளிது. 1949 மெர்குரியில் எல்லாமே வளைவு. கைதேர்ந்தவர்களே நிதானமாகத்தான் தொடுவார்கள்.

எஞ்சின் வேலையில் பாதி வீட்டுக்கு வெளியே நடக்கிறது. ஃபோர்டின் அந்தப் பழைய வி8-இல் வால்வுகள் பிளாக்குக்குள்ளேயே இருக்கின்றன. எரிந்த சூடான புகை பிளாக்கின் நீர் அறைகளுக்கு நடுவே புகுந்து வெளியேற வேண்டும். அதனால் எஞ்சின் சீக்கிரம் சூடேறும். வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் விடும். வாங்கிய பிளாக்கில் முதல் காசு விரிசல் பார்க்கத்தான் செலவாகும். பிளாக்கைக் காந்தமாக்கி இரும்புத் துகளைத் தூவினால், விரிசல் இருக்கும் இடத்தில் காந்தப்புலம் வெளியே கசியும். துகள்கள் அங்கே போய் வரிசையாக ஒட்டிக்கொள்ளும். இந்த வகையின் பிந்தைய பிளாக் ஒன்று தேறினால், சிலிண்டரை 3 5/16 அங்குலத்துக்குப் பெரிதாக்கி மெர்குரியின் 4 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கிராங்கைப் போட்டால் 276 கன அங்குலம், சுமார் 4.5 லிட்டர். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே விடும் இடைவெளி 0.05 மில்லிமீட்டர் வாக்கில். அதைச் செதுக்கும் மெஷின் யார் வீட்டிலும் இருக்காது, பட்டறையில் முறைக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

எல்லாம் பொருந்தி, கார் வெறும் இரும்பாக நான்கு சக்கரத்தில் நிற்கிற நாள் வரும். அதன் பிறகு அந்தக் காரை முழுக்கப் பிரிப்பார்கள். பெயின்ட் அடித்த பிறகு துளை போடவோ வெல்டு வைக்கவோ கூடாது என்பதால், முதலில் வெறும் இரும்பில் முழுக் காரையும் கட்டிப் பார்த்துவிட்டு, கழற்றி, பெயின்ட் அடித்து, இரண்டாம் முறை கட்டுகிறார்கள். ஒவ்வொரு ஹாட் ராடும் இப்படி இரண்டு தடவை பிறக்கிறது.

பெயின்டில் அவசரம் காட்டுவது வேதியியலோடு மோதுவது. பட்டி என்பது பாலியெஸ்டர் பிசின். கடினமாக்கியைக் கலந்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். தொட்டால் காய்ந்தது போல இருக்கும், உள்ளே வினை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் மேலே பெயின்ட் அடித்தால் பட்டி பிறகு சுருங்கி, தேய்த்த கோடுகள் எல்லாம் பளபளப்பில் தெரியும். குளிர்காலத்தில் சூடேற்றாத கேரேஜில் இந்த வினை வெகுவாக மந்தமாகிவிடும். இன்றைய இரு பாகப் பெயின்டுகளில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும் என்பதால், வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி இல்லாமல் வீட்டில் அதைத் தெளிக்கவே கூடாது.

இரண்டாம் முறை கட்டி முடித்ததும் முதல் ஸ்டார்ட். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் முகட்டில் நேராக உரசும் தட்டை டேப்பெட் உள்ள பழைய பாணி எஞ்சினில் அந்த ஷாஃப்ட் புதிதாக இருந்தால், கிளப்பியவுடன் ஐட்லிங்கில் விடாமல் நிமிடத்துக்கு 2000 சுற்றுகளை ஒட்டி 20 நிமிடம் ஓட்டுவார்கள். கேம் முகட்டுக்கு எண்ணெய் கிராங்க் சுழன்று தெறிப்பதால்தான் போகிறது. மெதுவாக ஓடினால் தெறிப்பு போதாது, உரசும் பரப்புகள் ஒன்றுக்கொன்று பழகுவதற்குள் தேய்ந்துவிடும். துத்தநாகச் சேர்மம் உள்ள எண்ணெயும் தேவை.

அப்புறமும் சீட்டுக்கும் கதவுக்கும் துணி தைக்கப் பலர் உடனே கொடுப்பதில்லை. சில நூறு மைல் வெறும் தகட்டோடு ஓட்டுவார்கள். ஸ்பிரிங் பட்டைகள் அமர்ந்து காரின் உயரம் கொஞ்சம் இறங்கும், போல்ட்டுகள் தளரும், டிரைவ் ஷாஃப்டின் கோணத்தை மறுபடி அளக்க வேண்டியிருக்கும். தரைவிரிப்பு இல்லாதவரை அதையெல்லாம் எட்டிப் பிடித்து முடுக்குவது எளிது.