பத்தாவது நிமிடத்தில் எவ்வளவு வெளிச்சம்?

பெங்களூரு சர்ஜாப்பூர் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சென்ற மாதம் தீப் பாதுகாப்புப் பயிற்சி நடத்தினேன். பேஸ்மென்ட்டின் விளக்குகளை அணைத்துவிட்டு, பயிற்சிக்கான புகை இயந்திரத்தை ஓடவிட்டோம். காவலாளிகள் இருவரிடம் டார்ச். ஒருவரிடம் பழையது, மற்றவரிடம் அதே மாடலின் புதிய பதிப்பு. பழையதன் பெட்டியில் 1,000 லூமென், புதியதில் 3,000. புதியதை ஏந்திய இளைஞர் நான்கு எட்டு வைத்ததும் நின்றுவிட்டார். எதிரே வெள்ளைச் சுவர் எழும்பியதுபோல் இருக்கிறது என்றார். பழையதை வைத்திருந்த பெரியவர், ஊத்தங்கரைக்காரர், அதை இடுப்பளவுக்குத் தாழ்த்திப் பிடித்தார். ஒவ்வொரு தூணாகத் தொட்டுக்கொண்டே மாடிப்படி வரை போய்த் திரும்பினார்.

அந்தக் குடியிருப்பின் சங்கம் புதிய பதிப்பில் 12 டார்ச் வாங்குவதாக இருந்தது. பெங்களூருவில் பத்தொன்பது ஆண்டுகளாக இந்தப் பயிற்சியை நடத்திவருகிறேன். பெட்டியில் அச்சிட்ட லூமெனைப் பார்த்து மட்டும் டார்ச் வாங்குகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அதனால் இரண்டையும் வீட்டுக்கு எடுத்துவந்து அளந்து பார்த்தேன்.

லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த ஒளி. அது எங்கே போய் விழுகிறது என்பதை லூமென் சொல்லாது; ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. ஐந்து மீட்டர் தள்ளி, ஓரிடத்தில் விழும் ஒளியை அளக்கும் லக்ஸ்மீட்டரை வைத்து, கற்றையின் நடுவில் கிடைக்கும் எண்ணை 25-ஆல் பெருக்கினால் கேண்டெலா வந்துவிடும். பழையது 900 லக்ஸ் காட்டியது, அதாவது 22,500 கேண்டெலா. மூன்று மடங்கு லூமென் பேசும் புதியது 576 லக்ஸ்தான், 14,400 கேண்டெலா. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால், முழுநிலவின் அளவுக்கு, அதாவது கால் லக்ஸ் ஒளி எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். பழையதற்கு 300 மீட்டர், புதியதற்கு 240. காரணம் எளிது. புதிய பதிப்பில் பெரிய எல்இடியைப் பொருத்தியிருக்கிறார்கள், பிரதிபலிப்பான் குழியோ அதே அளவு. ஒளிரும் பரப்பு பெருத்தால் கற்றை விரியும். விரிந்த கற்றை கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிப் பார்க்க நல்லது. புகையிலோ அது புகைத்துகள் ஒவ்வொன்றிலும் பட்டுத் தெறித்து, பிடித்திருப்பவர் கண்ணுக்கே திரும்பி வருகிறது. இளைஞர் கண்ட சுவர் அதுதான்.

அடுத்து, இரண்டையும் எரியவிட்டுக் காத்திருந்தேன். பத்தாவது நிமிடத்தில் பழையது 800 லக்ஸில் நின்றது. புதியது 190-க்கு இறங்கியிருந்தது. எட்டும் தூரம் ஏறக்குறைய 138 மீட்டர். இது பழுதல்ல. 3,000 லூமென் தரும் விளக்கு ஏறக்குறைய 30 வாட் மின்சாரத்தை விழுங்குகிறது. அதில் பெரும்பகுதி வெப்பமாகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் அலுமினியக் குழாயால் கை சுடாமல் காற்றில் விடக்கூடியது சில வாட்தான். ஆகவே உள்ளிருக்கும் சுற்று தானாகவே ஒளியைக் குறைத்துவிடுகிறது, குறைக்காவிட்டால்தான் ஆபத்து. டார்ச்சுகளுக்கான அமெரிக்கத் தரமுறையான ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1-இன்படி, லூமெனை அளப்பது விளக்கைப் போட்ட 30 நொடியிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள். எரியும் நேரத்தையோ, ஒளி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும் வரை கணக்கிடுகிறார்கள். இரண்டு எண்ணும் அந்தத் தரமுறைப்படி உண்மைதான். ஆனால் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டிருப்பதால், 3,000 லூமென் இரண்டு மணி நேரம் எரியும் என்று வாங்குகிறவர் எண்ணிக்கொள்கிறார். லிஃப்டில் சிக்கியவரை மீட்க இருபது நிமிடம் ஆகலாம். நேரத்துக்கேற்ப ஒளி எப்படி இறங்குகிறது என்ற வரைபடத்தைக் கடைக்காரரிடம் கேளுங்கள். அதை வெளியிடும் தயாரிப்பாளரையே நான் நம்புகிறேன்.

பேட்டரியைப் பற்றி இன்னும் கவலையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய பதிப்பில் 18650 வகை மின்கலம்: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். புதியதில் 21700. பழைய உபரி மின்கலங்கள் இதில் பொருந்தாது. சில டார்ச்சுகளில் வளையம் ஒன்றைச் செருகி 18650-ஐயும் போடலாம். குறைந்த மின்னோட்டத்துக்கே ஏற்ற மின்கலத்தை அப்படிப் போட்டு முழு ஒளியில் எரித்தால், அதன் பாதுகாப்புச் சுற்று சட்டென்று துண்டித்துவிடக்கூடும். பழைய செல் டார்ச்போல மெல்ல மங்கி எச்சரிக்காது. ஒரே நொடியில் இருட்டு. மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில், கொள்ளளவு 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட 18650 மின்கலங்களைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அந்த அளவு மின்கலத்தில் பெரும்பாலும் கிடைப்பது 3,500 அல்லது 3,600 வரைதான். தராசில் வையுங்கள். நல்ல மின்கலம் பெரும்பாலும் 45 கிராம் அளவிலாவது இருக்கும். போலிகள் பல அதைவிட இலேசாக இருக்கும். உறை கிழிந்ததைச் சாவிக்கொத்தோடு பையில் போடாதீர்கள்.

புதிய பதிப்பின் பொத்தானும் மாறியிருக்கிறது. பின்புறம் அழுத்தும் பொத்தான் போய், பக்கவாட்டில் தொட்டால் எரியும் பொத்தான் வந்திருக்கிறது. வேறொரு வளாகத்தில் அப்படிப்பட்ட டார்ச் ஒன்று பைக்குள்ளேயே எரியத் தொடங்கி, கறுப்புத் துணியைப் பொசுக்கிவிட்டது. காவலாளியின் தொடைக்குப் பக்கத்தில் தொங்கிய பை. வால்மூடியைக் கால் சுற்று தளர்த்தினால் பெரும்பாலான டார்ச்சுகளில் மின்தொடர்பு அறுந்துவிடும். பையில் வைக்குமுன் இதைச் செய்யச் சொல்லி ஒவ்வொரு வகுப்பிலும் கையைப் பிடித்துக் காட்டுகிறேன்.

மின்னேற்றுவதற்கான யுஎஸ்பி-சி துளை வசதிதான். அதன் ரப்பர் மூடி சரியாக அமரவில்லையென்றால் பெட்டியில் போட்டிருக்கும் நீர்காப்பு எண்ணுக்குப் பொருளில்லை. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பகுதியிலிருந்து குடியிருப்பாளர்களை டிராக்டரில் ஏற்றிச் சென்றதை இந்த ஊர் மறக்கவில்லை. பேஸ்மென்ட்டில் தண்ணீர் நிற்கும் நகரம் இது.

சமையல் எரிவாயு கசிந்த இடத்தில் எந்தப் பதிப்பானாலும் சாதாரண டார்ச்சைப் போடக் கூடாது. சிலிண்டரில் வரும் வாயு காற்றைவிடக் கனமானது, பேஸ்மென்ட்டில்தான் தேங்கும். அங்கே தீப்பொறி காப்புச் சான்று பெற்ற டார்ச் மட்டுமே. வெளியிலேயே போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும்.

சங்கச் செயலாளரிடம் இந்த அளவுகளைக் காட்டினேன். 12 என்பது நான்காகக் குறைந்தது. அவை ரோந்துக்கு, நடுத்தர ஒளியில் மட்டும். வாசலில் காரோட்டி வருகிறவர் முகத்தில் அடிக்கக் கூடாது என்றும் எழுதி ஒட்டினார்கள். மிச்சப் பணத்தில், புகைக்கு ஏற்ற குறுகிய கற்றையுடைய, மார்பில் மாட்டும் கோண டார்ச் இரண்டு வாங்கினார்கள்.

"அப்படியானால் இதைக் கழித்துக்கட்ட வேண்டாமா, சார்?" என்று பெரியவர் தன் டார்ச்சை நீட்டிக் கேட்டார். வால்மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. புதிய வளையம் மாட்டி, சிலிகான் கிரீஸ் தடவி, எடைபோட்டு வாங்கிய மின்கலத்தையும் செருகி அவர் கையிலேயே கொடுத்தேன்.