சிட்காம்: சொல்லின் பொருளும் அதற்கொரு தமிழ்ப் பெயரும்

கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் வந்த சிட்காம் எனப்படும் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் எது தலைசிறந்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஃபிரெண்ட்ஸ் என்பார் ஒருவர். சைன்ஃபெல்டைத் தாண்டி எதுவுமில்லை என்பார் இன்னொருவர். அவர்களைவிட இளையவர்கள் தி ஆஃபீஸ் பக்கம் நிற்பார்கள். எத்தனை எம்மி விருது, எத்தனை கோடிப் பார்வையாளர், எந்த வசனம் இன்னும் வாயில் புழங்குகிறது என்று கணக்கு வைத்து வாதாடுவார்கள். இதில் எனக்கும் ஒரு கட்சி உண்டு, அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் சண்டைக்கு நடுவில் கிடக்கும் அந்தச் சொல்லை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அதன் பொருள் தெளிந்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

சிச்சுவேஷன், காமெடி என்ற இரண்டு சொற்களின் முன்பாதியை மட்டும் வெட்டி ஒட்டியதுதான் சிட்காம். இங்கேதான் நமக்கு ஒரு தனிச் சிக்கல். 'சிச்சுவேஷன் காமெடி' நம் சினிமாப் பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது. "படத்துல தனி காமெடி ட்ராக் கிடையாது, எல்லாமே சிச்சுவேஷன் காமெடிதான்" என்று இயக்குநர்கள் பேட்டியில் சொல்வார்கள். கதை போகிற போக்கில், ஒரு காட்சியில் தானாக வந்து விழும் சிரிப்பு என்பது அவர்கள் கருத்து. திருமண மண்டபத்தில் ஆள்மாறாட்டம் நடந்தால் அதுவும் சிச்சுவேஷன் காமெடி, திருடன் போலீஸ்காரர் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டால் அதுவும் அதுவே. இந்தப் பொருளோடு சிட்காமை அணுகினால் வழி தவறிவிடும். அந்தச் சொல் பிறந்த இடத்தில் அதற்கு ஏறக்குறைய நேர்மாறான பொருள்.

லத்தீனில் சிட்டுஸ் என்றால் இடம், ஒன்று அமைந்து கிடக்கும் இருப்பு. அந்த வேரிலிருந்து வந்ததுதான் சிச்சுவேஷன். காமெடி கிரேக்கச் சொல். கோமோஸ் என்ற களியாட்டத்தோடும் பாட்டைக் குறிக்கும் சொல்லோடும் உறவுடையது. ஆக, சிட்காமில் உள்ள 'சிட்', வந்து போகும் சம்பவத்தைச் சொல்லவில்லை. ஆட்கள் மாட்டிக்கொண்டிருக்கும் இடத்தை, அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன நிலையில் நிற்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. சம்பவம் வாரத்துக்கு வாரம் மாறும். இருப்பு மாறாது.

இந்த வடிவம் வானொலியில் தொடங்கியது. 1926இல் சிகாகோவில் ஒலிபரப்பான சாம் அண்ட் ஹென்றி, அதே இருவர் 1928இல் தொடங்கிய ஏமஸ் அண்ட் ஆண்டி ஆகியவற்றை முன்னோடிகள் என்பார்கள். வெள்ளையர் இருவர் கறுப்பினத்தவரின் பேச்சைப் போலி செய்து சிரிக்க வைத்த தொடர்கள் அவை. இந்த வடிவத்தின் பிறப்பிலேயே அந்தக் கறை இருப்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. தொலைக்காட்சியில் பிபிசி 1946இல் ஒளிபரப்பிய பின்ரைட்ஸ் ப்ராக்ரஸ்தான் முதலாவது என்பது பொதுவான கணக்கு. சிட்காம் என்ற குறுக்கம் அதற்கும் பிந்தியது. 1960களுக்குள் அச்சில் நிலைபெற்றுவிட்டது. காதல் நகைச்சுவையைக் குறிக்கும் ராம்காம் போன்ற சொற்கள் பிறகு இதே அச்சில் வார்க்கப்பட்டன.

வடிவத்தை உறுதியாக்கியது 1951இல் வந்த ஐ லவ் லூசி. அன்று பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போயின. தொடரின் நாயகி லூசில் பாலும் அவர் கணவர் டெசி அர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு வர மறுத்தார்கள். அங்கிருந்து நேரலை செய்தால், கிழக்குப் பகுதி மக்களுக்குத் திரையைப் படம்பிடித்து அனுப்பிய மங்கலான பிரதிதான் கிடைக்கும். அதனால் பார்வையாளர்களை எதிரே உட்காரவைத்து, மூன்று கேமராக்களில் நேரடியாகப் பிலிமிலேயே எடுத்தார்கள். ஒளிப்பதிவு, மெட்ரோபோலிஸ் படத்தில் பணியாற்றிய கார்ல் ஃப்ராய்ண்ட். பிலிமில் இருந்ததால் மறுபடியும் மறுபடியும் ஒளிபரப்ப முடிந்தது, மறு ஒளிபரப்பே பெரிய வருமானமாகிவிட்டது. மறு ஒளிபரப்பில் எந்தப் பகுதி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எங்கிருந்து பார்த்தாலும் புரியவேண்டும் என்றால், ஒவ்வொரு பகுதியும் தொடங்கிய இடத்துக்கே திரும்பியாக வேண்டும். அந்தக் கட்டாயம்தான் பின்னால் கலை இலக்கணமாகவே ஆனது.

மாறாத இருப்பு எவ்வளவு வலிமையானது என்பதற்கு மேஷ் ஒரு சான்று. கொரியப் போர் நடந்தது 1950 முதல் 1953 வரை. அந்தப் போர்முனை மருத்துவமனையைப் பற்றிய தொடர் 1972 முதல் 1983 வரை ஓடியது. போரைவிட மூன்று மடங்குக்கும் மேல் நீண்டது தொடர், யாருக்கும் அது உறுத்தவில்லை. வீட்டுக்குப் போகத் துடிக்கும் மருத்துவர்கள், போக முடியாத முகாம், அவ்வளவுதான் இருப்பு. அது கலைந்த நாளில், 1983 பிப்ரவரி 28 அன்று, அமெரிக்காவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் கடைசிப் பகுதியைப் பார்த்தார்கள். பதிவு செய்த சிரிப்பொலியைச் சேர்க்கவேண்டும் என்று தொலைக்காட்சி நிறுவனம் வற்புறுத்தியபோதும், அறுவைச் சிகிச்சைக் காட்சிகளில் மட்டும் அது கூடாது என்று படைத்தவர்கள் வாதாடி வென்றார்கள். பிரிட்டனில் பிபிசி அந்தச் சிரிப்பொலியை நீக்கியே ஒளிபரப்பியது. பின்னணிச் சிரிப்பு இருந்தால்தான் சிட்காம் என்று நினைப்பவர்களுக்கு இது போதும்.

பிரிட்டிஷ் தொடரான யெஸ் மினிஸ்டரும் அப்படித்தான். அமைச்சர் ஜிம் ஹேக்கர், அவருடைய செயலாளர் சர் ஹம்ஃப்ரி. ஒருவருக்குப் பதவி தேர்தல்வரை, மற்றவருக்கு ஓய்வுபெறும்வரை. எழுதியவர்கள் ஹேக்கரைப் பிரதமராகவே உயர்த்தினார்கள். அதற்குள் ஹம்ஃப்ரியும் அமைச்சரவைச் செயலாளராகி அங்கே போய் உட்கார்ந்திருந்தார். நாற்காலி மாறியதே தவிர நிலை மாறவில்லை. 2001இல் ஃபாரூக் ஷேக் நடிக்க ஜீ மந்த்ரிஜி என்று இந்தியில் எடுத்தபோது தில்லிக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. இருப்பு சரியாக அமைந்தால் நாடு கடந்தும் நிற்கும்.

ஃபிரேசியரில் இருப்பு முழுவதையும் ஒரே ஒரு சாய்வு நாற்காலியில் வைத்துவிட்டார்கள். சியாட்டிலில் ஒரு மனநல மருத்துவர். தேர்ந்தெடுத்து வாங்கிய பொருள்களால் நிறைந்த அவருடைய வீடு. இடுப்பில் குண்டடி பட்டு ஓய்வுபெற்ற போலீஸ்காரத் தகப்பனார் அங்கே குடிவருகிறார், கூடவே கிழிந்த இடங்களில் டேப் ஒட்டிய தன் பழைய நாற்காலியையும் கொண்டுவருகிறார். கூடத்தின் நடுவில் அது கிடக்கும். மகனுக்குப் பார்க்கப் பிடிக்காது, தூக்கிப் போடவும் மனம் வராது. 1993 முதல் 2004 வரை பதினோரு சீசன்கள் அந்த நாற்காலியைச் சுற்றித்தான் நடந்தன. 1994 முதல் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மியை வாங்கியது.

இப்போது என் கட்சி. சொல்லின் பொருளைக் கொண்டு அளந்தால் சைன்ஃபெல்டுக்கே முதலிடம். 1991 மே மாதம் ஒளிபரப்பான சீன உணவகப் பகுதியைப் பாருங்கள். நண்பர்களான ஜெர்ரி, ஜார்ஜ், எலைன் மூவரும் படத்துக்குப் போவதற்கு முன் சாப்பிட வருகிறார்கள். மேசை காலியில்லை. "ஐந்து, பத்து நிமிடம்" என்கிறார் வரவேற்பில் நிற்பவர். முழுப் பகுதியும் அந்தக் காத்திருப்புதான். ஜார்ஜுக்கு அவசரமாக ஒரு போன் பேசவேண்டும், பொதுத் தொலைபேசியை வேறொருவர் விடுவதாக இல்லை. எலைனுக்குப் பசி தாங்கவில்லை. அடுத்தவர் தட்டிலிருந்து ஒரு முட்டை ரோலை எடுத்துத் தின்றால் ஐம்பது டாலர் என்று பந்தயம் கட்டுகிறார் ஜெர்ரி. பின்னால் வந்தவர்களெல்லாம் உள்ளே போகிறார்கள். கடைசியில் மூவரும் வெறுத்துப்போய் வெளியேறுகிறார்கள், அடுத்த நொடி அவர்கள் பெயர் கூப்பிடப்படுகிறது. கதையே இல்லையே என்று, தொடரை ஒளிபரப்பிய என்பிசி நிறுவன அதிகாரிகள் தயங்கி, அந்தப் பகுதியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அது கதையில்லாத பகுதி அல்ல. மற்ற எல்லாவற்றையும் வடித்துவிட்டு இருப்பை மட்டும் வைத்தால் சிட்காம் நிற்குமா என்று பார்த்த துணிச்சல்.

தொடரை ஜெர்ரி சைன்ஃபெல்டோடு உருவாக்கிய லாரி டேவிட் வைத்த சட்டம் புகழ்பெற்றது: கட்டிப்பிடிப்பதும் கூடாது, பாடம் கற்பதும் கூடாது. 1998இல் வந்த கடைசிப் பகுதியில் இந்த மூவரும் இன்னொரு நண்பர் கிரேமரும் சிறைக்குப் போகிறார்கள். உள்ளே உட்கார்ந்ததும் ஜெர்ரி, முதல் பகுதியில் பேசிய அதே சட்டைப் பொத்தான் பேச்சை எடுக்கிறார். நாம் 'சூழ்நிலைக் கைதி' என்று சொல்வோமே, அதைச் சொல்லுக்குச் சொல் காட்சியாக்கிய முடிவு அது. அந்த முடிவு பிடிக்கவில்லை என்று அன்றே பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அதைவிடப் பொருத்தமான முடிவு தோன்றவில்லை.

ஃபிரெண்ட்ஸ் பிரியர்கள் வருத்தப்படவேண்டாம். முதல் சில ஆண்டுகள் அது அருமையான சிட்காம். பிறகு காதல், கல்யாணம், குழந்தை என்று முன்னே நகரத் தொடங்கி, நெடுந்தொடரின் பாதைக்குப் போய்விட்டது. 2004இல் நண்பர்கள் கூடும் அந்த வீட்டின் சாவிகளை ஒவ்வொருவராகச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள், கதை முடிகிறது. இடம் காலியானால் சிட்காம் இல்லை என்பது எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. பிரிட்டிஷ் ஆஃபீஸ் 2001இல் தொடங்கி, இரண்டே சீசன்களும் இரண்டு பாகக் கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியுமாக முடிந்தது. பிடிக்காத வேலையில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் மௌனத்தை அதைப்போல் பிடித்த தொடர் வேறில்லை. அமெரிக்க ஆஃபீஸ் ஒன்பது சீசன் ஓடியது. மேலாளர் மைக்கேல் ஸ்காட்டாக நடித்த ஸ்டீவ் கரெல் விலகிய பிறகு அந்த அலுவலகம் தன் அச்சாணியை இழந்துவிட்டது.

ஃப்ளீபேக் மேலான படைப்பு, ஆனால் சிட்காம் என்று சொல்லமாட்டேன். பன்னிரண்டு பகுதிகளில் ஒரு பெண் துக்கத்திலிருந்து நகர்ந்து வேறொருத்தியாகிறாள். அது நாவலின் இயல்பு. சிகாகோ உணவகச் சமையலறையைக் காட்டும் தி பேர், 2024 ஜனவரியில் நடந்த எம்மி விழாவில் நகைச்சுவைப் பிரிவில் வென்றபோது, இது எந்த ஊர் நகைச்சுவை என்று பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. அரை மணி நேரத் தொடர் என்றாலே நகைச்சுவை என்ற பழைய வழக்கத்தின் மிச்சம் அது.

இனி தமிழுக்கு வருவோம். இப்போது பரவலாக எழுதப்படுவது 'சூழ்நிலை நகைச்சுவை'. வெறுமனே 'நகைச்சுவைத் தொடர்' என்பவர்களும் உண்டு; அது எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும் பொதுப்பெயர். நம் சபா நாடகங்களைத் 'துணுக்குத் தோரணம்' என்பார்களே, அப்படி நகைச்சுவைத் துணுக்குகளைக் கோத்துக் கட்டிய நிகழ்ச்சியும் நகைச்சுவைத் தொடர்தான், சிட்காம் ஆகாது. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே பெயர் என்ற இருப்பில் நின்று, நாகா இயக்கத்தில் வந்த ரமணி வெர்சஸ் ரமணி தமிழில் நல்ல சிட்காம். இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பது எப்படி?

சூழ்நிலை என்ற சொல்லில் எனக்குள்ள குறை, அது இன்றைய வழக்கில் நிலையற்றதைக் குறிப்பது. "இப்போ சூழ்நிலை சரியில்லை, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்கிறோம். போய்விடும் என்பதுதான் அதன் தொனி. 'சூழ்நிலைக் கைதி'யில் மட்டும் அதற்கு இறுக்கம் உண்டு, அந்த இறுக்கத்தைத் தருவதும் 'கைதி'தான்.

நான் முன்வைப்பது 'நிலைக்கள நகைச்சுவை'. நிலைக்களம் நான் கோத்த சொல் இல்லை. உவமைகள் எந்த அடிப்படையில் பிறக்கின்றன என்று சொல்லும் தொல்காப்பிய உவமவியல் சூத்திரம், "அந்நாற் பண்பும் நிலைக்களம் என்ப" என்று முடிகிறது. ஒன்று தோன்றுவதற்கு நிலையான அடித்தளம் என்பது பொருள். நிலையும் இருக்கிறது, களமும் இருக்கிறது. லத்தீன் வேர் சொல்லும் இடமும் இருப்பும் இரண்டும் இதில் வந்துவிடுகின்றன.

நகைச்சுவைக்கும் அதே நூலில் இலக்கணம் உண்டு. எட்டு மெய்ப்பாடுகளில் முதலில் வைக்கப்பட்டது நகை. "எள்ளல் இளமை பேதைமை மடனென்று உள்ளப்பட்ட நகைநான் கென்ப" என்று சிரிப்பு பிறக்கும் வழிகளை அது எண்ணுகிறது. நான்கும் மனிதர்களின் இயல்பு, ஒன்றுகூடச் சம்பவம் இல்லை. மடன் என்பதற்கு, கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை என்று பழைய உரைகள் பொருள் சொல்லும். ஒருமுறை பிடித்துக்கொண்டதை எதற்காகவும் விடாத குணம். ஜார்ஜ் கோஸ்டான்சாவையும் மைக்கேல் ஸ்காட்டையும் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பேச்சில் சிட்காம் என்றே சொல்லலாம். தமிழ் நாக்குக்கு அது ஏற்கெனவே பழகிவிட்டது. கட்டுரையில், பாடநூலில், விருதுப் பிரிவின் பெயரில் நிலைக்கள நகைச்சுவைத் தொடர் என்று எழுதலாம். நீளமாகப் பட்டால் 'நிலைக்கள நகை' என்று சுருக்கலாம். சினிமாக்காரர்கள் சொல்லும் சிச்சுவேஷன் காமெடிக்குச் 'சூழ்நிலை நகைச்சுவை'யை விட்டுவிடலாம், அதற்கு அது பொருத்தமான பெயர்தான்.