சூட்டு முள் எப்போது ஏறுகிறது?

காரில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிக்னலில் நிற்கும்போது ஏறுகிறதா, நெடுஞ்சாலையில் போகும்போது ஏறுகிறதா? என்ஜின் சூடாகிறது என்று போனால் நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் பாதிப் பழுதை இந்தப் பதில் காட்டிக்கொடுத்துவிடும்.

பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. மிச்ச வெப்பத்தில் பெரும்பகுதியை, என்ஜினுக்குள் சுற்றிவரும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட் சுமந்துபோய் ரேடியேட்டரில் காற்றிடம் விட வேண்டும். ஓடும் காருக்கு எதிர்க்காற்றே போதும். நிற்கும் காருக்கு ஃபேன்தான் காற்று. ஆகவே நெரிசலில் ஏறிய முள், சாலை காலியானதும் இறங்கினால் ஃபேனைச் சந்தேகியுங்கள். நெடுஞ்சாலையில் ஏறினால் காற்றில் குறையில்லை. கூலன்ட் ஓட்டத்தில்தான் குறை: ரேடியேட்டர் அடைப்பு, பாதி திறந்த தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு), தேய்ந்த வாட்டர் பம்ப். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற ஏற்றத்தில் என்ஜினுக்குச் சுமை அதிகம், எதிர்க்காற்று குறைவு. இரண்டு வகைக் கோளாறும் அங்கே வெளியே வந்துவிடும்.

ஃபேனைச் சோதிக்க, என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சில நொடிகளில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸ். அது சரியென்றால், ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே; அதே பெட்டியில் அதே எண் கொண்ட இன்னொரு ரிலேயை மாற்றிச் செருகிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஃபேனின் இணைப்பைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த ஒயரால் பேட்டரியின் 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது, கோளாறு ஒயரிங்கில். சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது. ஏசிக்குச் சுற்றுகிற ஃபேன் சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் வெப்ப சென்சாரைப் பாருங்கள். சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ஃபேன் திடீரென்று கிளம்பும். விரல் அருகே போக வேண்டாம்.

அடுத்தது தெர்மோஸ்டாட். அதனுள் இருப்பது மெழுகு. சூட்டில் உருகி விரியும் மெழுகு ஒரு ஊசியைத் தள்ள, வால்வு திறக்கிறது. பல கார்களில் 82 அல்லது 88 டிகிரியில் திறக்கத் தொடங்கும். அந்த எண் அதன் மேலேயே பொறித்திருக்கும். முள் சிவப்பை நெருங்கும்போதும் ரேடியேட்டரின் ஒரு ஹோஸ் (ரப்பர் குழாய்) கொதித்து, மற்றது குளிர்ந்தே இருந்தால் வால்வு திறக்கவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கழற்றி, பழைய பாத்திரத்தில் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடேற்றுங்கள். குறித்த வெப்பத்தைத் தாண்டிப் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முழுதாகத் திறக்காவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

“நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு” என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது தவறான வைத்தியம். பல என்ஜின்களில் அதன் அடித்தட்டு, சூடானதும் பைபாஸ் வழியை மூடுகிறது. தெர்மோஸ்டாட் இல்லையென்றால் அந்த வழி திறந்தே கிடக்கும். கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே என்ஜினைச் சுற்றிவரும். ஏற்றத்தில் சூடு கூடத்தான் செய்யும். காலையில் என்ஜின் உரிய வெப்பத்துக்கு வரத் தாமதமாகும். பெட்ரோலும் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

இதைவிடப் பெரிய கேடு போர் தண்ணீர். கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் சூடாக்கினால் சுண்ணாம்பாகப் படியும். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும், இது நேர்மாறு. அதனால் எங்கே சூடு அதிகமோ, அதாவது எங்கே வெப்பம் வெளியேறியாக வேண்டுமோ, அங்கேயே ஒட்டுகிறது. அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் இந்தப் படிவு கடத்தும். அவசரத்துக்கு ஒருமுறை ஊற்றினால் படிவது கொஞ்சமே. ஒழுகும் காரில் வாரம் ஒரு லிட்டர் ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் ரேடியேட்டர் குழாய்கள் தூர்ந்துபோகின்றன. நிரப்ப வேண்டியது டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் சரிபாதி; கலந்தே விற்கும் கூலன்டில் தண்ணீர் சேர்க்கக் கூடாது.

ரேடியேட்டர் மூடியும் ஒரு வால்வுதான். அது உள்ளே ஏறக்குறைய 1 பார் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் கசிந்தால், வேறெதிலும் பழுதில்லாமலே கூலன்ட் சீக்கிரம் கொதித்து வழியும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது என்பதற்கும் இதுவே காரணம். 115 டிகிரியில் அடைபட்ட 5 லிட்டர் தண்ணீரைத் திறந்தால் சுமார் 140 கிராம் அந்தக் கணமே ஆவியாகும்; அது 200 லிட்டருக்கும் மேல் விரிந்து, மிச்ச வெந்நீரையும் சேர்த்து முகத்தில் வீசும். மேல் ஹோஸை வெறும் கையால் அழுத்திப் பிடிக்க முடிகிற அளவு ஆறட்டும். கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த நீரையும் ஊற்றாதீர்கள், என்ஜினின் மேல்பகுதியான ஹெட் விரிசல் விடலாம்.

ஆறிய என்ஜினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா, ரேடியேட்டரில் இடைவிடாமல் குமிழ் வருகிறதா, ஆயில் மூடியின் உள்ளே பால் காபி நிறம் தெரிகிறதா? ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அது வீட்டு வேலை அல்ல. வண்டியை ஓட்டாமல் இழுத்துச் செல்லுங்கள்.

கூலன்ட் மாற்றினால் காற்றை வெளியேற்றுவதுதான் பொறுமை கேட்கும் வேலை. என்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து என்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். குமிழ் வரவர மட்டம் இறங்கும். நிரப்பிக்கொண்டே வந்து, குமிழ் நின்றதும் மூடுங்கள். பிறகு ஃபேன் இரண்டு முறை வந்து நிற்கும்வரை ஓடட்டும். காற்று தங்கினால் சென்சார் கூலன்டில் முழுகாமல் நின்று, கொதிக்கும் என்ஜினுக்கும் முள் கீழேயே காட்டலாம். வடித்த பழைய கூலன்ட் இனிக்கும் விஷம். நாய், பூனை நக்கிவிடாமல் மூடிய கேனில் வையுங்கள்.

மறுநாள் காலை ரிசர்வ் டேங்கில் மட்டம் சற்று இறங்கியிருந்தால், உள்ளே எஞ்சியிருந்த காற்றின் இடத்தைக் கூலன்ட் பிடித்திருக்கிறது, நிரப்பினால் போதும். மூன்றாம் நாளும் இறங்கினால் வாட்டர் பம்ப்புக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்குள்ள சிறு துளையைச் சுற்றிப் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ காய்ந்த கறை இருந்தால் பம்ப்பின் சீல் போய்விட்டது.